சிக்கனத்தில் கட்டிய ஹை கம்ப்ரஷன் இன்ஜின்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

நான் முதன்முதலில் கட்டிய ஹை கம்ப்ரஷன் இன்ஜின் ஸ்டார்ட் ஆன அன்று, சத்தத்தைக் கேட்டு எனக்கே பெருமையாக இருந்தது. மூன்றாவது நாள் நான்காவது கியரில் ஒரு மேடு ஏறும்போது, டப்பாவுக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு கிணிகிணி. பெட்ரோலைத் திட்டினேன். பிளக்கை மாற்றினேன். டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் பிளக் பற்றவைக்கும் நேரத்தை, குறைத்தேன், சத்தம் பாதி போனது, இழுவை முழுதும் போனது. ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றி அளந்து பார்க்கும் புத்தி வர இரண்டு மாதம் ஆனது. 10.6 என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்த கம்ப்ரஷன் விகிதம், அதாவது உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற எண், நிஜத்தில் 11.45 ஆக இருந்தது.

காரணம் பழைய ஹெட். என் கைக்கு வரும் முன்பே யாரோ அதை ஒருமுறை ஃபேஸிங் போட்டிருக்கிறார்கள், அதாவது அடிமுகத்தை மட்டமாகச் சீவியிருக்கிறார்கள். அது தெரியாமல் நானும் ஒருமுறை போட்டேன். குறைந்த செலவில் இன்ஜின் கட்டுகிறவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த வகைதான். மலிவான பிஸ்டனைப் போட்டதற்காக இன்ஜின் பழிவாங்குவது குறைவு. அளக்காமல் விட்ட எண்தான் பழிவாங்குகிறது.

இங்கே நான் பேசுவது டர்போ இல்லாத நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். பழைய பிளாக், அதே குடும்பத்து வேறு மாடலின் பிஸ்டன், ஃபேஸிங் போட்ட ஹெட், மெல்லிய கேஸ்கட் என்று ஒப்பேற்றிய வகை. ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், ஹெட்டைக் கழற்றுவது கடைசியில்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். விகிதத்தை 9லிருந்து 11க்கு ஏற்றினால், ஏட்டுக் கணக்குப்படி இன்ஜினின் திறன் சுமார் 5 சதவீதம் கூடும். அவ்வளவுதான். 20, 30 சதவீதம் எதிர்பார்த்து இறங்கியிருந்தால், இல்லாத நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் அந்த எண்

கீழே வரும் எல்லாச் சோதனையும் கம்ப்ரஷன் விகிதத்தில்தான் வந்து முட்டும். ஹெட் வெளியே இருக்கும்போதே செய்துவிட்டால் புண்ணியம். ஹெட்டைத் தலைகீழாக வைத்து, வால்வுகளும் பிளக்கும் பூட்டிய நிலையில், சேம்பரின் (கலவை எரியும் குழியின்) விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஒரு துளை போட்ட தடித்த அக்ரிலிக் தகட்டை அதன்மேல் அழுத்துங்கள். துளை மேடான பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் காற்று வெளியேறும். ஊசி இல்லாத சிரிஞ்சால் மண்ணெண்ணெயை அளந்து விட்டுக்கொண்டே வாருங்கள். கடைசிக் காற்றுக்குமிழி துளை வழியாக வெளியேறும் நொடியில் எத்தனை சிசி போயிருக்கிறதோ அதுதான் சேம்பர். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை. இரண்டு அளவும் அரை சிசிக்குள் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கசிகிறது.

86 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்றால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 499.6 சிசி. என் இன்ஜினில் 1.2 மில்லிமீட்டர் கேஸ்கட்டின் துளை 7.1 சிசி, மேல்நிலையில் (பிஸ்டன் ஏறும் உச்சியில்) பிஸ்டன் பிளாக் முகத்தைவிட 0.3 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றதால் 1.7, பிஸ்டன் தலையில் வால்வுக் குழிகள் 4. சேம்பர் 39 என்று நம்பியிருந்தேன். மொத்தம் 51.8. அதனால் 499.6ஐ வகுத்து ஒன்று கூட்டினால் 10.6. நிஜமான சேம்பர் 35. மொத்தம் 47.8 ஆகிறது, விகிதம் 11.45க்குத் தாவுகிறது. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான இடம்தான் இந்த வித்தியாசம்.

சூடான பிறகு ஸ்டார்ட்டர் திணறுகிறது

காலையில் நன்றாகச் சுற்றும். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டுத் திரும்ப சாவியைத் திருப்பினால் "உம்ம்… உம்ம்" என்று முக்கும். கம்ப்ரஷன் அதிகம், ஸ்டார்ட்டர் போதவில்லை என்று உடனே பெரிய மோட்டார் வாங்கக் கிளம்பாதீர்கள்.

இக்னிஷனுக்குப் போகும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதே சூட்டில் கிராங்க் செய்து பாருங்கள். இப்போது லகுவாகச் சுற்றினால், ஆரம்ப டைமிங் அதிகம். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பிளக் பற்றவைத்து, அதை எதிர்த்துக் கீழே தள்ளுகிறது. துண்டித்த பிறகும் திணறினால் மின்சாரப் பக்கம் பாருங்கள். கிராங்க் ஆகும்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டிலும் வைத்துக் கிராங்க் செய்யுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ முனையோ கோளாறு. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கும் இதே சோதனை. பெயிண்ட் அடித்த பிளாக்கில், பெயிண்ட்டின் மேலேயே எர்த் வயரைப் பூட்டிவிட்டு ஸ்டார்ட்டரைச் சந்தேகப்பட்டவர்கள் நிறைய. நானும் அதில் ஒருவன்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்பானரால் கையால் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகினால் ஸ்டார்ட் செய்வதை அங்கேயே நிறுத்துங்கள். எதுவோ எதிலோ இடிக்கிறது.

மேடு ஏறும்போது கிணிகிணி

இதுதான் தலைவலிகளின் ராஜா. ஆகவே கொஞ்சம் நிதானமாக.

முதலில் அது நாக்கிங்தானா என்று தீர்மானியுங்கள். நாக்கிங் பாரத்தோடு வரும். காலை எடுத்த நொடியில் நிற்கும். வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் பாரத்தைப் பார்க்காது, வேகத்தோடு கூடவே ஓடும். கனெக்டிங் ராட் பேரிங் சத்தம் கனமானது, அடிவயிற்றிலிருந்து வரும். அந்த சிலிண்டரின் பிளக் இணைப்பை எடுத்தால் குறையும். எக்ஸாஸ்ட் கேஸ்கட் கசிவு குளிரில் டிக்டிக் என்று பேசி, சூடானதும் அடங்கிவிடும்.

நாக்கிங்தான் என்றால் உள்ளே நடப்பது இது. பிளக் பற்றவைத்த நெருப்பு சேம்பர் முழுக்கப் பரவுவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே ஒரே நொடியில் வெடிக்கிறது. அந்த அதிர்வலை சுவரில் மோதுவதுதான் நமக்குக் கிணிகிணி. 86 மில்லிமீட்டர் போரில் அதன் அதிர்வெண் 6லிருந்து 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம். நாக் சென்சார் காது கொடுப்பதும் அங்கேதான்.

சோதனை ஒன்று, பெட்ரோல். டேங்க் காலியாகும் தறுவாயில், கிடைப்பதிலேயே அதிக ஆக்டேன் (தானாக வெடிப்பதைத் தாங்கும் அளவு) உள்ள பெட்ரோலை நிரப்பி அதே மேட்டில் ஏறுங்கள். சத்தம் போய்விட்டதா? நல்லது, ஆனால் நோய் தீரவில்லை. எவ்வளவு நெருக்கத்தில் நிற்கிறீர்கள் என்று மட்டும் தெரிந்தது. பழைய டியூனிங் குறிப்புகளில் 10.5, 11 என்று சர்வசாதாரணமாக எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1960களின் அமெரிக்க இன்ஜின்கள் அந்த விகிதங்களில் ஓடியது ஈயம் கலந்த பிரீமியம் பெட்ரோலில். 1971 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் விகிதங்களை இறக்கியதே குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு ஏற்ப மாறத்தான்.

சோதனை இரண்டு, டைமிங். அதற்கு முன், உங்கள் டைமிங் குறி உண்மை சொல்கிறதா? கிராங்க் புல்லி பலவற்றில் உள்வளையமும் வெளிவளையமும் ரப்பரால் ஒட்டியிருக்கும். வயதானால் வெளிவளையம் நழுவும். குறி 8 டிகிரி தள்ளிப்போய் இருக்கும், டைமிங் லைட் பாவம் அந்தப் பொய்யைத்தான் படிக்கும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, முதல் சிலிண்டர் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் ஒரு போல்ட்டைத் திருகுங்கள். பழைய பிளக்கின் உட்பகுதியை எடுத்துவிட்டு அதில் போல்ட் போட்டாலே போதும். கையால் மெதுவாக ஒரு பக்கம் சுற்றி, தட்டியதும் புல்லியில் குறி போடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நிஜமான மேல்நிலை. செலவு ஒரு போல்ட்.

குறி சரி என்றால், 2 டிகிரி வீதம் குறைத்து அதே மேடு, அதே கியர், அதே வேகம். கம்ப்ரஷன் ஏறிய கலவை வேகமாக எரியும். ஆகவே கம்பெனி கொடுத்த அட்வான்ஸே (மேல்நிலைக்கு எத்தனை டிகிரி முன்னால் பற்றவைப்பது என்பது) இப்போது அதிகமாகிவிடும், சில டிகிரி குறைவது இயல்புதான். 2, 4 டிகிரியில் அடங்கினால் அங்கேயே விட்டுவிடலாம். 6, 8 என்று குறைத்தும் விடவில்லை என்றால், டைமிங்கின் மேல் பழி போடுவதை நிறுத்துங்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் எரியும் கலவை எக்ஸாஸ்ட் வழியாகப் போய், எக்ஸாஸ்ட் குழாய் சிவக்கும். எக்ஸாஸ்ட் வால்வும் கூலிங்கும் திண்டாடும்.

சத்தம் எந்த வேகத்தில் வருகிறது என்பதும் ஒரு சாட்சி. 1,500லிருந்து 2,500 ஆர்பிஎம்முக்குள் மட்டும் வந்தால், ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஸ்பிரிங்குகள் தளர்ந்து அட்வான்ஸ் சீக்கிரம் வந்துவிடுகிறது, இல்லையென்றால் வால்வுகளைத் திறக்கும் கேம் சின்னது. கம்பெனியின் ஸ்டாக் கேமில் இன்டேக் வால்வு சீக்கிரம் மூடிவிடுவதால், குறைந்த வேகத்தில் உள்ளே வந்த காற்று முழுதும் அழுத்தப்படுகிறது. காகிதத்தில் ஒரே 11 விகிதம் இருக்கும் இரண்டு இன்ஜின்களில் ஒன்று அழுவதும் இன்னொன்று சிரிப்பதும் இதனால்தான். கம்ப்ரஷன் கேஜில் பார்த்தால் புரியும்: மிதமான கேமோடு 180, 190 பிஎஸ்ஐ பக்கம் இருப்பதில் பயமில்லை. 220ஐத் தாண்டினால், சாதாரண பெட்ரோலில் அது அமைதியாக ஓடும் என்று நான் நம்ப மாட்டேன்.

மேல் வேகத்தில் வரும் நாக்கிங் வேறு ரகம், ஆபத்தானதும் அதுதான். காற்றுச் சத்தத்தில் காதுக்கே கேட்காது. பிளக்கைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியில் வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. மினுங்கும் சின்னச் சின்ன உருண்டைகள் இருந்தால் அவை அலுமினியம், உங்கள் பிஸ்டனிலிருந்து வந்தவை. அன்றைக்கு வண்டியை ஓட்டாதீர்கள். இதற்குப் பெரும்பாலும் காரணம் எரிபொருள் பற்றாக்குறை. முழு ஆக்ஸிலரேட்டரில் காற்று-எரிபொருள் விகிதம் 12.5லிருந்து 13 வரை இருக்க வேண்டும். 14ஐ நெருங்கினால் கார்புரேட்டர் ஜெட், ஃபில்டர், பம்ப் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

ஒரே ஒரு சிலிண்டரின் பிளக்கில் மட்டும் அந்தப் புள்ளிகள் என்றால், ஒட்டுமொத்த விகிதத்தைச் சந்தேகிக்காதீர்கள். அந்த சிலிண்டரில் என்ன தனித்தன்மை என்று தேடுங்கள். இன்டேக் கேஸ்கட் கசிவா? நீளமான பிளக்கைப் போட்டு அதன் மரைகள் சேம்பருக்குள் நீட்டிக்கொண்டு பழுக்கின்றனவா? ஃபேஸிங்குக்குப் பிறகு சேம்பர் விளிம்பு பிளேடு போல விட்டுப்போயிருக்கிறதா? வால்வுக் குழியை நீங்களே கடைந்திருந்தால் அதன் விளிம்பை எமரித் தாளால் உருட்டிவிட்டீர்களா? கூர்மையான எந்த விளிம்பும் சின்ன நெருப்புத்துண்டாக மாறும். பிளக்கை ஒரு படி குளிர்ந்த ரகத்துக்கு மாற்றுவதும் உதவும். என்ஜிகேயில் எண் ஏறினால் குளிர்ச்சி, பாஷில் எண் இறங்கினால் குளிர்ச்சி. இது குழம்பி எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு.

பிறகு சூடு. ஏர் ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் கொதிக்கும் காற்றைக் குடிக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்திலிருந்து ஒரு குழாய் இழுத்துவிட்டால் செலவு கொஞ்சம், பலன் நிறைய. எண்ணெயும் ஒரு குற்றவாளி. பழைய வால்வு சீல், பழைய ரிங் வழியாகச் சேம்பருக்குள் வரும் எண்ணெய், கலவையின் ஆக்டேனைக் கீழே இழுக்கும். பிளக் நன்றாக இருந்தும், நீல நிறப் புகை எப்போதாவது தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கடைசியாக ஸ்குவிஷ். பிஸ்டன் மேல்நிலையில் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. ஸ்டீல் கனெக்டிங் ராட் உள்ள இன்ஜினில் 1 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால், அங்கிருக்கும் கலவை சட்டென்று நடுவுக்குத் தள்ளப்பட்டுச் சுழலும், ஓரத்தில் தானாக வெடிக்க ஏதும் மிஞ்சாது. 1.5, 2 மில்லிமீட்டர் என்றால் அந்தச் சுழற்சி போய்விடும். ஓரத்தில் கலவை சோம்பிக் கிடக்கும். கேஸ்கட் தடிமனையும் பிஸ்டன் தாழ்வையும் கூட்டினால் இந்த எண் கிடைக்கும். என் இன்ஜினில் 1.2ம் 0.3ம் சேர்ந்து 1.5. விகிதமும் அதிகம், ஸ்குவிஷும் தளர்வு. இரண்டு பக்கமும் அடி.

"மஸ்தா 14 வைக்கிறதே, நான் 12 வைத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கைஆக்டிவ்-ஜி இன்ஜினில் 14 சாத்தியமானதற்குப் பின்னால் நேரடி எரிபொருள் பீய்ச்சல் இருக்கிறது, அது சிலிண்டருக்குள்ளேயே ஆவியாகிக் கலவையைக் குளிர்விக்கிறது. எரிந்த சூடான வாயு திரும்பி வராமல் இருக்க 4-2-1 எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது, பிஸ்டன் தலையில் ஒரு பிரத்தியேகக் குழி இருக்கிறது. இவையெல்லாம் இல்லாமல் அந்த எண்ணை மட்டும் கடன் வாங்க முடியாது.

சாவியை எடுத்தும் ஓடிக்கொண்டிருக்கிறது

கார்புரேட்டர் வண்டிகளின் வியாதி இது. ஸ்பார்க் நின்றாலும், சேம்பரில் பழுத்துக் கிடக்கும் ஏதோ ஒன்று பற்றவைக்கிறது. ஐடில் வேகத்தை 800க்கு இறக்குங்கள், பாதி வண்டிகள் அதிலேயே அடங்கும். கார்புரேட்டரில் எரிபொருளை நிறுத்தும் சொலினாய்டு இருந்தால், சாவியைத் திருப்பும்போது "டிக்" என்று கேட்கிறதா பாருங்கள். இவை சரி, பிளக் ரகமும் சரி என்றால், பழைய பிஸ்டன் தலையில் சுரண்டாமல் விட்ட கரிதான்.

தண்ணீர் குறைகிறது, ஹோஸ் கல்லாக இருக்கிறது

காலையில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகும் ரேடியேட்டர் ஹோஸை அழுத்தினால் இறுக்கமாக இருக்கிறதா? சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் போய் அழுத்தம் தங்கியிருக்கிறது. ஆறிய இன்ஜினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழி விடாமல் வருகிறதா பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் வரும் குமிழி, கூலிங்கில் சிக்கிய காற்றாக இருக்கலாம், அது நின்றுவிடும். நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட். வாயுவைக் கண்டுபிடிக்கும் நீலத் திரவச் சோதனை மஞ்சளாக மாறினால் சந்தேகத்துக்கே இடமில்லை.

சிக்கனக்காரர்கள் இங்கே செய்யும் தப்பு இரண்டு. ஒன்று, பழைய ஹெட் போல்ட். கோணம் வைத்து முறுக்கும் ரக போல்ட் ஒருமுறை இழுபட்டால் பிறகு பழைய பிடி தராது. கம்ப்ரஷனை ஏற்றிய இன்ஜினில் அதைத் திரும்பப் போடுவது, கூரையை உயர்த்திவிட்டுக் கயிற்றை மட்டும் பழையது கட்டுவது போல. மற்றொன்று, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் வாங்கி, கரடுமுரடான முகத்தில் பூட்டுவது. அந்த ரக கேஸ்கட்டுக்கு முகம் மிக நைசாக இருக்க வேண்டும். லேத்தில் வேலை கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் இலை உள்ளே நுழைந்தால் நான் அந்த முகத்தை ஏற்றுக்கொள்வதில்லை. பிளாக்கையும் பாருங்கள், ஹெட்டை மட்டும் ஃபேஸிங் போட்டுவிட்டுப் பிளாக்கை மறப்பது அடிக்கடி நடக்கும்.

கேஸ்கட் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே எரிந்து விட்டால் தண்ணீர் குறையாது. அந்த இரண்டு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஒன்றாகவே குறைவாகக் காட்டும்.

கம்ப்ரஷனே காட்டவில்லை

கேஜ் சோதனைக்கு இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பிளக்குகள் எல்லாம் வெளியே, ஆக்ஸிலரேட்டர் முழுக்கத் திறந்து, எரிபொருளும் இக்னிஷனும் துண்டித்து. ஆக்ஸிலரேட்டரைத் திறக்காமல் சோதித்து, அழுத்தம் குறைவு என்று இன்ஜினைப் பிரித்தவரை எனக்குத் தெரியும்.

புஷ் ராட் (கீழே உள்ள கேமிலிருந்து வால்வைத் தள்ளும் கம்பி) உள்ள இன்ஜினில் ஹெட்டையோ பிளாக்கையோ ஃபேஸிங் போட்டால் ஹெட் கீழே இறங்குகிறது, புஷ் ராடின் நீளம் மாறவில்லை. ஹைட்ராலிக் டேப்பட் இருந்தால் அது முழுக்க அமுங்கி, வால்வை மூடவே விடாமல் பிடித்துக்கொள்ளும். நான்கு சிலிண்டரும் செத்தது போலக் காட்டும், உண்மையில் எதுவும் கெட்டிருக்காது. குட்டையான புஷ் ராடோ, ராக்கர் தண்டுக்கு அடியில் ஷிம்மோ (மெல்லிய தகடோ) தீர்வு.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைவென்றால், ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றித் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றிக் காது கொடுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்.

கம்ப்ரஷன் இருக்கிறது, இழுவை இல்லை

கேஜ் எல்லாம் அழகாகக் காட்டும், வண்டி மட்டும் சோம்பேறி. மேலே கேம் உள்ள இன்ஜினில் ஹெட்டைக் குறைத்தால் கேம் புல்லி கிராங்குக்குக் கொஞ்சம் நெருங்குகிறது. பெல்ட்டோ செயினோ அந்த மிச்ச நீளத்தைத் தளர்வு பக்கத்தில் விழுங்கும்போது கேம் பின்தங்குகிறது. குறிகள் எல்லாம் சரியாகப் பொருந்துவது போலவே தெரியும், ஒரு பல்லில் பாதி கூட இருக்காது, ஆனால் கீழ் வேகத்தின் பிக்கப் காணாமல் போயிருக்கும். சரிசெய்யக்கூடிய கேம் புல்லி இருந்தால் டயல் கேஜ் வைத்துப் பழைய இடத்துக்குக் கொண்டு வரலாம்.

கம்ப்யூட்டர் உள்ள இன்ஜினில் வேறொரு கதை. நாக்கிங் கேட்காது, ஏனென்றால் கம்ப்யூட்டர் அதைக் கேட்டு டைமிங்கைக் குறைத்துவிடுகிறது. ஸ்கேனரில் டைமிங்கைப் பாருங்கள். பாரம் ஏறும்போதெல்லாம் அது பின்வாங்கினால், நீங்கள் ஏற்றிய கம்ப்ரஷனைக் கம்ப்யூட்டர் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி அதிகம் விட்ட இன்ஜினில், பிஸ்டன் சுவரில் தட்டும் சத்தத்தையே நாக்கிங் என்று சென்சார் நம்பிவிடுவதும் உண்டு. குளிரில் மட்டும் அப்படி என்றால் அதுதான்.

மேலே லேசாக டிக், வேகம் கூடும்போது மட்டும்

கேஸ்கட்டை மெல்லியதாக்கி, கேமையும் மாற்றியவர்கள் இதைக் கேட்டால் காலை எடுக்க வேண்டும். வால்வு பிஸ்டனைத் தொட ஆரம்பித்திருக்கலாம். ஹெட்டைக் கழற்றினால் வால்வுக் குழியில் பிறை வடிவில் ஒரு பளபளப்பு தெரியும்.

பூட்டும்போதே பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை வைத்து, மேலே எண்ணெய் தடவி, ஹெட்டைப் பூட்டிக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கழற்றி, களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டி மெல்லிய இடத்தை அளந்தால் தெரிந்துவிடும். இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீளும், மேல் வேகத்தில் பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டுதான் வரும், அதனால் அதற்குக் கூடுதல் இடம். இரண்டும் பிஸ்டனுக்கு மிக நெருக்கமாக வருவது மேல்நிலையை ஒட்டி 10 டிகிரி பக்கத்தில், எக்ஸாஸ்ட் அதற்கு முன்னால், இன்டேக் அதற்குப் பின்னால்.

விகிதம் நிஜமாகவே அதிகம் என்று தெரிந்துவிட்டால்

எல்லோரும் முதலில் சொல்வது "தடித்த கேஸ்கட் போடு". விகிதம் இறங்கும், ஸ்குவிஷும் சேர்ந்து கெட்டுவிடும். 10.6ல் நாக் ஆகும் தளர்வான இன்ஜினைவிட 11ல் அமைதியாக ஓடும் இறுக்கமான இன்ஜினை நான் பார்த்திருக்கிறேன்.

நான் செய்தது தலைகீழ். கேஸ்கட்டை 1.2லிருந்து 0.7க்கு மெல்லியதாக்கினேன், ஸ்குவிஷ் 1 மில்லிமீட்டர் ஆனது. இதனால் 3 சிசி குறைந்து விகிதம் இன்னும் ஏறும் இல்லையா? அதையும் சேர்த்து 7 சிசி வேறு இடத்தில் எடுக்க வேண்டியிருந்தது. சேம்பரில் வால்வுகளுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டிருந்த சுவரைக் கிரைண்டரால் விலக்கியதில் 3 சிசி கிடைத்தது. ஸ்குவிஷ் முகத்தில் கை வைக்கவில்லை. மீதி 4 சிசிக்கு, பிஸ்டன் தலையின் நடுவில் 60 மில்லிமீட்டர் அகலத்துக்கு 1.4 மில்லிமீட்டர் ஆழத்தில் லேத்தில் ஒரு தட்டுக் குழி. அதற்கு முன், தலையின் தடிமனை அடிப்பக்கத்திலிருந்து அளந்து, கடைந்த பிறகும் போதிய உலோகம் மிஞ்சும் என்று உறுதி செய்துகொண்டேன். ஒவ்வொரு பிஸ்டனும் 11 கிராம் பக்கம் எடை குறைந்தது. நான்கையும் தராசில் வைத்து, கூடுதலாக இருந்ததை மட்டும் உட்புறத்தில் தேய்த்துச் சமப்படுத்தினேன்.

மறுபடி கணக்குப் போட்டேன், இந்த முறை சிரிஞ்சில் அளந்த எண்களை வைத்து. 10.6. அதே மேடு, நான்காவது கியர், 2,000 ஆர்பிஎம், கால் தரையோடு. மூன்று முறை ஏறினேன், ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு. அப்புறம் வீட்டுக்கு வந்து, பறித்துக்கொண்ட டைமிங்கில் 4 டிகிரியைத் திருப்பிக் கொடுத்தேன்.